கட்-ஆஃப் எவ்வளவு?

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி விடுதிக்குள் பெட்டியோடு நுழைகிற முதலாண்டுப் பையனிடம் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது கட்-ஆஃப். ஊர், அப்பா தொழில் எல்லாம் அப்புறம்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்கு எவ்வளவு? 196 என்று சொன்னால் கேட்டவன் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான். 178 என்று சொன்னால் ஒரு நொடி பேச்சு நிற்கும். அந்த நொடியில் அவன் மனக்கணக்குப் போடுகிறான்: இந்தக் கல்லூரியில் இந்தப் பிரிவு பொதுப் போட்டியில் எதில் முடிந்தது, பி.சி.க்கு எதில், எம்.பி.சி.க்கு எதில், எஸ்.சி.க்கு எதில். சாதியைக் கேட்காமலே சாதியைத் தெரிந்துகொள்ள இதைவிட நாசூக்கான வழி கிடையாது. கேட்பவனும் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பதினெட்டு வயதுதான், வீட்டில் காதில் விழுந்ததைத் திருப்பிக் கேட்கிறான்.

நான் அந்த 178 வகையறா. சரியான எண்ணை இப்போதும் எழுதப்போவதில்லை. பழைய பழக்கம், போகவில்லை.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. "மாமா, இங்க எல்லாரும் பொறக்கும்போதே கோடிங் தெரிஞ்சுக்கிட்டு வந்த மாதிரி இருக்காங்க. எனக்குத் தப்பா சீட்டு குடுத்துட்டாங்களோன்னு தோணுது" என்றாள். பக்கத்தில் இருந்த தோழி அவளிடமிருந்து போனை வாங்கி, "அங்கிள், இவளுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்று ஒரே வரியில் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். எங்கள் காலத்தில் இதற்குப் பெயரே கிடையாது. 'பய கொஞ்சம் டல்லா இருக்கான்' என்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் இருப்பது நல்லதுதான். ஆனால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அக்கா மகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பாலின் க்ளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கவனித்தது 150-க்கும் மேற்பட்ட பெண்களை. எல்லோரும் படிப்பிலோ தொழிலிலோ நல்ல பெயர் எடுத்தவர்கள். கையில் பட்டம் இருக்கும், பாராட்டு இருக்கும்; உள்ளுக்குள் மட்டும், நான் ஒன்றும் புத்திசாலி இல்லை, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் பிடிபடுவேன் என்ற எண்ணம். அந்தக் கட்டுரையில் இதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலும் இது இன்றுவரை கிடையாது. 'சிண்ட்ரோம்' எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்களிடம் சாதனைக்குக் குறைவில்லை. குறை முழுவதும் தங்களைப் பற்றிய கணிப்பில். நம் விடுதிப் பையனின் கதை அப்படி நேராக இல்லை. அவனிடம் மூன்று விஷயம் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. அவனுக்கு நிஜமாகவே சில விஷயங்கள் தெரியாது. தெரிந்த பல விஷயங்கள் அவனுக்குத் தெரியும் என்பது அவனுக்கே தெரியாது. மூன்றாவதாக, அவன் அங்கே இருக்கத் தகுதியானவன்தானா என்று சுற்றியிருப்பவர்கள் வாய் திறந்தே கேட்கிறார்கள். மூன்றையும் சேர்த்துக் கட்டி 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று சீட்டு ஒட்டுவதுதான் எனக்குக் கோபம்.

என் கதையையே சொல்கிறேன், வேறு யாருடையதும் இவ்வளவு நெருக்கமாகத் தெரியாது.

அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சிமென்ட் லாரி ஓட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். நான் சில வருடம் முன்பாகப் படித்திருந்தால் நுழைவுத்தேர்வு எழுத வேண்டியிருந்திருக்கும். 2007 சேர்க்கையிலிருந்து அது கிடையாது. கோச்சிங் சென்டர் என்பதைப் பேருந்து ஜன்னல் வழியாகத் தவிர வேறு எப்படியும் பார்க்காத எனக்கு அதனால்தான் இடம் கிடைத்தது. 2009-இல் கவுன்சலிங் ஆன்லைனில் கிடையாது. அது 2018-இல்தான் வந்தது. எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் சென்னைக்கு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தாக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பேருந்தில் பாதிக் கட்டணம். அப்பாவும் நானும் இரவு வண்டி ஏறி விடியற்காலையில் இறங்கி, வளாகத்துக்குள்ளேயே பல் துலக்கி, சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தோம். பெரிய திரையில் கல்லூரி வாரியாக மீதி இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பையனின் அப்பா பேன்ட்டும் மூக்குக்கண்ணாடியுமாக, கல்லூரிகளை வரிசைப்படுத்திய பட்டியலை அச்சடித்து எடுத்துவந்திருந்தார். என் அப்பா அவரிடம், "சார், இதுல எது நல்ல காலேஜுங்க?" என்று கேட்டார். அவர் பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே போனதும் கணினி முன்னால் இருந்த பெண் ரேங்கைப் பார்த்தார், நான் சொன்ன கல்லூரியைத் தட்டினார், ஒதுக்கீட்டு ஆணை அச்சாகி வந்தது. நீ இதற்குத் தகுதியா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ரேங்க் இருந்தது, இடம் இருந்தது, கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் நான்கு வருடத்தில் என்னை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே இடம் அந்தக் கவுன்சலிங் மேசைதான்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். நல்ல கல்லூரிதான்.

முதல் சில வாரங்களில் மெக்கானிக்ஸ் வகுப்பு. ஆசிரியர் என்னை எழுப்பி, "வாட் இஸ் மொமென்ட் ஆஃப் எ ஃபோர்ஸ்?" என்றார். நின்றேன். மொமென்ட் என்றால் நேரம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று மட்டும் ஓடியது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து கடகடவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு ஸ்பேனரை வரைந்து, நட்டிலிருந்து பிடிக்கும் இடம் வரை ஒரு கோடு போட்டு, விசையை அம்புக்குறியாகக் காட்டினார். அட, திருப்புத்திறன்! விசையையும் செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் வருவது. பள்ளியில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கிய விடை. அது மட்டுமா, லாரி டயர் கழற்றும்போது லிவருக்கு மேல் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி மிதிப்பாரே அப்பா, அதே சமாச்சாரம். வகுப்பில் இருந்த யாரையும்விட எனக்கு அது உடம்பால் தெரியும். ஆனால் நான் நின்றுகொண்டிருந்தேன், அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், ஆசிரியர் என்னைப் பார்த்து "கெட் தி பேசிக்ஸ் ரைட்" என்றார்.

இது நடந்ததில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் சொற்கள் பழகிவிடும், எல்லோருக்கும் பழகியது. அந்த மூன்று மாதத்தில் ஒருவன் எந்த பெஞ்சில் உட்கார முடிவுசெய்கிறான் என்பதுதான் விஷயம்.

இயற்பியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஒரு பேட்ச். மேசையில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒளியைப் பிரித்து அளக்கிற கருவி. எங்கள் பள்ளியிலும் ஒன்று இருந்தது, கண்ணாடி பீரோவுக்குள். பிராக்டிகல் தேர்வுக்கு முன்னால் ஆசிரியர் எடுத்துவைத்துக் காட்டுவார். தொட்டால் செட்டிங் போய்விடும் என்பதால் நாங்கள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்போம். கல்லூரியில் மேசைக்கு வந்ததும் சென்னைப் பையன் ஒருவன் கேட்காமலே டெலஸ்கோப்பைத் திருப்ப ஆரம்பித்தான். அவனுக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் தொடுவதற்குப் பயம் இல்லை. இன்னொருவன் வெர்னியரைப் படித்தான். மூன்றாமவன் கால்குலேட்டர். எனக்கு மிஞ்சியது அப்சர்வேஷன் நோட்டு. "மச்சி, உன் ஹேண்ட்ரைட்டிங் சூப்பரா இருக்கு, நீயே எழுது" என்றான். பாராட்டுதான். அடுத்த வாரம் ஏர் வெட்ஜ் சோதனை, நான் எழுதினேன். அதற்கடுத்து டார்ஷன் பெண்டுலம், எழுதினேன். ரீடிங் எழுதுகிறவன் என்பது என் வேலையாகவே ஆகிவிட்டது. செமஸ்டர் முடிவில் என் கையில் அழகான ரெக்கார்டு நோட்டு இருந்தது, ஒரு கருவியையும் நானாக செட் செய்ததில்லை.

தன்னால் முடியாது என்று நினைக்கிறவன் பின்னால் நிற்கிறான். பின்னால் நிற்பதால் பழக்கம் வருவதில்லை. மூன்றாம் ஆண்டு வரும்போது, முதலாண்டில் வெறும் நினைப்பாக இருந்தது நிஜமாகிவிட்டிருக்கும். அப்போது வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்கிற கேள்விக்கு அவன் முழிப்பதைப் பார்த்து, 'கட்-ஆஃப் குறைவா எடுத்தவன் இப்படித்தான்' என்பார்கள். சேரும்போது இருந்த வித்தியாசத்தைவிடக் கல்லூரிக்குள் உண்டான வித்தியாசம் பெரிது என்பதை யார் கணக்கெடுப்பார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் மட்டும் கதை தலைகீழ். ஃபிட்டிங் பிரிவில் ஒரு இரும்புத் தகட்டை ராவி, ஹாக்ஸாவால் அறுத்து, 'வி' வடிவப் பொருத்தம் செய்யவேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. இன்ஸ்ட்ரக்டர் காக்கிச் சட்டைக்காரர், தமிழில் மட்டுமே பேசுவார். "தம்பி, அரத்தைப் போட்டு அமுக்காத. முன்னால தள்றப்போ மட்டும் பாரம் குடு, இழுக்கறப்போ சும்மா வரட்டும்." எங்கள் பக்கத்து வாரியங்காவல் பட்டறையில் பார்த்து வளர்ந்த கை என் கை, சீக்கிரமே வந்துவிட்டது. முன்வரிசைப் பெண், கால்குலேட்டர்க்காரன் எல்லோரும் என் மேசைக்கு வந்தார்கள். சென்னைப் பையன் அறுத்துக்கொண்ட விரலுக்கு நான்தான் துணி சுற்றினேன். அங்கே நான் சத்தமாகப் பேசினேன், ஜோக் அடித்தேன். மணி அடித்துத் தியரி வகுப்புக்குப் போனதும் மறுபடி கடைசி பெஞ்ச். ஆள் ஒன்றுதான், இடம் மாறியதும் தன்னம்பிக்கை தானாக வந்து தானாகப் போனது. இதை எந்தச் சிண்ட்ரோமில் சேர்ப்பது? ஒர்க்‌ஷாப்புக்கு கிரெடிட் குறைவு, அதில் முழு மதிப்பெண் வாங்கியவனை யாரும் மூளைக்காரன் என்று சொல்வதில்லை, அது வேறு வழக்கு.

இனி, நிஜமாகவே தெரியாத விஷயங்கள். இவையும் இருந்தன. மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், இங்கிலீஷ்தான் தடை என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பேருக்குத்தான் நடத்தினார்கள், பொதுத்தேர்வு பன்னிரண்டுக்குத்தானே. ப்ளூபிரிண்ட் பார்த்து, எந்தப் பாடத்திலிருந்து பத்து மதிப்பெண் கேள்வி வரும் என்று பிரித்து, வராததை விட்டுவிட்டுப் படித்தோம். தனியார் பள்ளிகளிலும் இதேதான் நடந்தது, இன்னும் கொடூரமாகக்கூட. அதனால் வகையீடு எனக்குச் செய்யத் தெரியும், எதற்குச் செய்கிறோம் என்று தெரியாது. 'ஸ்டேட் போர்டுக்காரன் மக்கப் அடிச்சே வந்தவன்' என்று சி.பி.எஸ்.இ. பையன்கள் சொல்லும்போது வலித்ததற்குக் காரணம் அதில் பாதி நிஜம் என்பதுதான். அந்தப் பாதியைச் சரிசெய்ய வழி இருக்கிறது: யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், நான் உட்கார்ந்து போட்டுப்பார்க்க வேண்டும். 'நீ திறமைசாலி, உன்னால் முடியும்' என்று முதுகில் தட்டுவதால் ஒரு இன்டக்ரேஷன் கணக்கும் தீராது. ஒரு விஷயம் தெரியாமலிருப்பதையும் அந்த இடத்துக்கே தகுதியில்லாமலிருப்பதையும் ஒன்றாக்கிக் குழப்பியதால்தான் நான் கேட்கவேண்டிய சந்தேகத்தைக் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதது தெரிந்துவிடும். தெரிந்தால் தகுதி போய்விடும். இப்படி ஓடும் புத்தி.

சாஃப்ட் ஸ்கில்ஸ் என்று ஒருவரை வரவழைத்தார்கள். கோட்டு சூட்டோடு வந்து எங்களை எழுந்து நிற்கவைத்து, கையை மடக்கி, 'ஐ கேன்! ஐ வில்!' என்று கத்தவைத்தார். ஆடிட்டோரியம் அதிர்ந்தது. வெளியே வந்தால் நோட்டீஸ் போர்டில் மெஸ் பில் பாக்கி வைத்தவர்களின் பட்டியல், பெயரோடு, அறை எண்ணோடு. உதவித்தொகை வரத் தாமதமானால் யார் யார் பாக்கி வைப்பார்கள் என்று கல்லூரிக்குத் தெரியாதா? உள்ளே தன்னம்பிக்கை, வெளியே பட்டியல். முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11-இல்தான் வந்தது. எனக்கு ஒரு வருடம் பிந்தி. வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் அலைந்து 'எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை' என்று சான்று வாங்கிவந்த ஜூனியர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு வழி திறந்தது ஒரு சீனியர் அண்ணன் மூலமாக. பெரம்பலூர்க்காரர், ஃபைனல் இயர், கையில் வேலை வாங்கியிருந்தவர். மாடல் தேர்வில் ஊற்றிக்கொண்டு நான் அறையில் சுருண்டு படுத்திருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னடா, ஊருக்குப் போயிடலாம்னு பாக்கிறியா? ஃபர்ஸ்ட் செம்ல எனக்கு மூணு அரியர் தெரியும்ல? மேத்ஸ் க்ளாஸ்ல அவன் என்ன சொல்றான்னே எனக்கு நவம்பர் வரைக்கும் புரியல. எல்லாருக்கும் அப்படித்தான்டா. சொல்ல மாட்டானுங்க." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்து, இரவு பத்து மணிக்கு மேல் தன் அறைக்கு வரச் சொன்னார். போனால் அங்கே ஏற்கெனவே நாலைந்து முதலாண்டுப் பையன்கள், சப்பணமிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் திருப்பிய சென்னைப் பையன்! அவன் அப்பா கல்லூரிப் பேராசிரியராம், அண்ணன் ஐ.ஐ.டி.யாம், 'வீட்டுலயே நான்தான் வேஸ்ட்' என்று அவன் அந்த அறையில் வைத்துத்தான் சொன்னான்.

அண்ணன் செய்ததை அமெரிக்காவில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. முதலாண்டு மாணவர்கள் 92 பேர். பாதிக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர், மீதி வெள்ளையர். அதில் ஒரு பகுதியினருக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். எனக்கும் முதலில் இங்கே ஒட்டவே இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான், போகப்போகச் சரியாகிவிட்டது என்கிற மாதிரியான அனுபவங்கள். பிறகு அவர்களையே அதைப் பற்றி எழுதி, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காக கேமரா முன் பேசச் சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு மணி நேரம். அடுத்த மூன்று வருடத்தில் அந்தக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறியது. இரண்டு இனத்தவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. வெள்ளை மாணவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. 'நீ கெட்டிக்காரன்' என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தத் தடுமாற்றம் உன் சாதியால், உன் நிறத்தால், உன் மூளையால் வந்ததில்லை, புது இடத்துக்கு வந்த எல்லோருக்கும் வருவது என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆஹா, ஒரு மணி நேரம் போதும் என்று எந்த முதல்வரும் துள்ளவேண்டாம். 2023-இல் அதே வால்டனும் இன்னும் பலரும் சேர்ந்து இதை 22 கல்லூரிகளில், 26,911 மாணவர்களிடம் பெரிய அளவில் செய்துபார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் எங்கே? அந்தந்த இன, சமூகப் பிரிவு மாணவர்கள் ஒட்டிக்கொள்ள நிஜமாகவே வாய்ப்பு இருந்த கல்லூரிகளில். அந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் கதையை மட்டும் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. பெரம்பலூர் அண்ணனின் பேச்சோடு வினாத்தாள் கட்டும், இரவில் திறந்திருந்த அறையும் சேர்ந்து வந்ததால்தான் எனக்கு அது வேலை செய்தது.

அந்த அறையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர் என்னைத் தேடிவந்தது நான் பக்கத்து மாவட்டக்காரன் என்பதால். விடுதியில் மதுரை கேங், தஞ்சாவூர் கேங் என்று இருக்கும். ஊர்ப்பாசம் நல்லதுதான், சாம்பார் சரியில்லாத ஊரில் அதுதான் ஆறுதல். ஆனால் ஊர் என்று ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். சில மாடிகளில் அறை ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தாலே எந்த வரிசையில் யார் என்று சொல்லிவிடலாம். எங்கள் பேட்ச்சில் கடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், எஸ்.சி. அவனைத் தேடி எந்த அண்ணனும் வரவில்லை. அவனாக ஒரு கேங்கிடம் போய் உட்கார்ந்தால் பேச்சின் சுருதி மாறிவிடும். அவன் வந்தது பொதுப் போட்டியில். என்னைவிடக் கட்-ஆஃப் நல்ல வித்தியாசத்தில் அதிகம். பொதுப் போட்டிக்கான அந்த 31 சதவீத இடம் எந்தச் சாதிக்கும் எழுதிவைத்ததில்லை, ரேங்க் இருந்தால் யாருக்கும் உண்டு. இதைத் தெரியாதவர்கள் எங்கள் மாடியிலேயே நிறையப் பேர். எனவே அவன் எவ்வளவு சொன்னாலும் 'ஸ்காலர்ஷிப் கேஸ்'தான். தில்லி எய்ம்ஸில் இதே சமாச்சாரத்தை விசாரித்த சுக்தேவ் தோரட் குழு 2007-இல் கொடுத்த அறிக்கையில் விடுதி அறைகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரியில்! அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாணவனுக்கு, நான் இங்கே சேர்ந்தவன் இல்லையோ என்று தோன்றினால், அவன் கணிப்பில் என்ன பிழை? சுற்றி நடப்பதைச் சரியாகப் பார்த்திருக்கிறான். அவனைப் போய் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பி எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது அநியாயம்.

அக்கா மகளின் காலம் வேறு. 2021-இல் பொறியியலுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அந்த வழியில் வருகிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. அப்பாவிடம் கேட்காமல் அவளே ரீசார்ஜ் செய்துகொள்கிறாள், நாப்கின் வாங்குகிறாள், ஒருமுறை எனக்கு டீ வாங்கிக்கொடுத்தாள். உள்ளே நுழையும் கதவு எங்கள் காலத்தைவிட அகலமாகத் திறந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்பில் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம்: 'செவன் பாயின்ட் ஃபைவ்'. "அந்த செவன் பாயின்ட் ஃபைவ் பொண்ணைக் கூப்பிடு." கேள்வி மாறிவிட்டது, நாசூக்கு மாறவில்லை.

அவளிடம் நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. கோடிங் தெரிந்தே வந்தார்கள் என்கிறாளே, எத்தனை பேர் என்று எண்ணிப்பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் போனில், "ஏழெட்டுப் பேர்தான் மாமா. ஸ்கூல்லயே பைத்தான் படிச்சிருக்காங்க. மத்தவங்க எல்லாம் சும்மா தலையாட்டுறாங்க" என்றாள். அறுபது பேர் வகுப்பு. அந்த ஏழெட்டுப் பேர் சத்தமாகப் பேசுவதால் வகுப்பு முழுக்கப் பேசுவது போலக் கேட்டிருக்கிறது. சரி, உனக்கு நிஜமாக என்ன இல்லை என்று கேட்டேன். லேப்டாப் இல்லை. புரோகிராமைப் போனில் ஒரு செயலியில் அடித்துப்பார்க்கிறாள். அடைப்புக்குறி ஒவ்வொன்றுக்கும் கீபோர்டை மாற்றவேண்டும். ஒரு லூப் எழுதி முடிப்பதற்குள் அலுத்துவிடுகிறது. கல்லூரியில் சிஸ்டம் லேப் இருக்கிறது, நாற்பதுக்கு மேல் கணினி. வகுப்பு நேரம் முடிந்ததும் பூட்டிவிடுவார்கள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பெண் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் அவள் மாதிரியே லேப்டாப் இல்லாத தோழிகளும் சேர்ந்து துறைத்தலைவரிடம் போய், மாலையில் இரண்டு மணி நேரம் லேப்பைத் திறந்துவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லை. அட்டெண்டருக்கு யார் ஓவர்டைம் கொடுப்பது, ஏதாவது காணாமல் போனால் யார் பொறுப்பு, எழுதிக்கொடுங்கள், முதல்வருக்கு அனுப்புகிறேன் என்றாராம். அக்கா மகள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து, திருத்தித் தரச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, பாதிக் கடிதம் மன்னிப்புக் கேட்பதிலேயே போயிருந்தது. அரசுக் கல்லூரிதானே, முதல்வருக்குத் தமிழ் தெரியுமே, தமிழில் எழுது என்றேன். அரை மணி நேரத்தில் புதிதாக ஒன்று வந்தது. எத்தனை மாணவிகளுக்கு லேப்டாப் இல்லை, எந்தெந்தப் பாடத்துக்குக் கணினி வேண்டும், விடுதி மாணவிகள் எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், எல்லாம் வரிசையாக இருந்தது. மன்னிப்பு எங்கேயும் இல்லை. நான் திருத்துவதற்கு ஒற்றுப்பிழை இரண்டைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

கடிதம் முதல்வர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, பதில் வரவில்லை. அதற்குள் அட்டெண்டர் அண்ணன் சனிக்கிழமை மதியம் வரை லேப்பைத் திறந்துவைக்க ஆரம்பித்துவிட்டாராம். எழுத்தில் எந்த உத்தரவும் கிடையாது, துறைத்தலைவர் கண்டுகொள்வதில்லை. போன சனிக்கிழமை போனபோது, பைத்தான் படித்துவந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்களாம். "அவங்க வீட்ல லேப்டாப் இருக்கு மாமா, ஆனா அவங்களுக்கு பாயின்டர் புரியலையாம்" என்றாள்.